முதலாமவர் அல்லது எஞ்சியவர்

எங்கள் பகுதியின் கடலோர ஊர்களில், சம்பாதிப்பதற்காகக் கடல் கடந்து போகிறவரைச் ‘சபராளி’ என்பார்கள். சபர் என்றால் பயணம். இஸ்லாமியக் குடும்பங்களின் பேச்சில் ஊறிய சொல் அது. அந்தச் சொல்லைக் கேட்டதும் மனதில் வருவது ஓர் ஆண்தான். பெட்டியும் பாஸ்போர்ட்டுமாகப் புறப்படுகிறவர், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை சோப்பும் தைலமும் கொண்டுவருகிறவர். அவர் அனுப்பும் பணத்தில் பள்ளிக் கட்டணமும் சீட்டுப் பணமும் கட்டி, மாமியாரின் கண்புரை அறுவைக்கு ஏற்பாடு செய்து, வீடு எழும்பும்போது கொத்தனாரிடம் சிமெண்ட் மூட்டைக்குக் கணக்குக் கேட்டு வெயிலில் நிற்கிற பெண்ணுக்கு அப்படியொரு பெயர் கிடையாது. அவள் சபராளி வீட்டுப் பெண். அவ்வளவுதான்.

வங்கி மட்டும் அவளுக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறது. வெளிநாட்டில் வசிக்கும் இந்தியர், ஊரில் இருக்கும் மனைவியையோ பெற்றோரையோ சேர்த்துக்கொண்டு இங்கே கூட்டுக் கணக்கு வைத்துக்கொள்ளலாம். அதற்கு ரிசர்வ் வங்கி அனுமதிக்கும் முறையின் பெயர் ‘ஃபார்மர் ஆர் சர்வைவர்’. தமிழில் சொன்னால், முதலாமவர் அல்லது எஞ்சியவர். உள்ளூரில் வசிக்கும் கணவனும் மனைவியும் கணக்குத் தொடங்கினால் ‘ஐதர் ஆர் சர்வைவர்’ என்று போட்டுக்கொள்ளலாம். இருவரில் எவர் வேண்டுமானாலும் பணம் எடுக்கலாம். நடுவில் கடல் வந்துவிட்டால் அந்த ‘எவரும்’ போய்விடுகிறது. முதலாமவர் உயிரோடு இருக்கும்வரை கணக்கு அவருடையது. இரண்டாமவர் தன் பெயரின் பலத்தில் பணம் எடுக்க வேண்டுமானால், முதலாமவர் இறந்திருக்க வேண்டும்.

இருபது வருடமாகத் தமிழ் இலக்கியம் நடத்துகிறேன். ஒரு மனைவியின் நிலையை இவ்வளவு சுருக்கமாகச் சொல்லும் தொடரை வேறெங்கும் படித்ததில்லை.

*

தமிழ் ஆசிரியரிடம் வங்கிக் கடிதத்தைக் கொண்டுவருவது வேடிக்கையாகத் தோன்றலாம். எங்கள் கல்லூரியில் படிக்கும் பெண்களில் கணிசமானவர்களின் அப்பாக்கள் வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ இருக்கிறார்கள். முதலில் ஒரு மாணவி தன் அம்மாவுக்கு வந்த ஆங்கிலக் கடிதத்தைக் காட்டி அர்த்தம் கேட்டாள். அடுத்த வாரம் அம்மாவே வந்தார். பிறகு அவருடைய நாத்தனார், பக்கத்து வீட்டுப் பெண் என்று ஒவ்வொருவராக வந்தார்கள். “நீங்க படிச்சவங்க டீச்சர், வெளிய சொல்ல மாட்டீங்க” என்றார் ஒருவர். அந்த வாக்கியத்தின் இரண்டாம் பாதிதான் என் உண்மையான தகுதி என்று எனக்குப் புரிந்தது. வங்கியில் கேட்டால் மேலாளர் கணவரின் தம்பியிடம் சொல்லிவிடுவார். ஆடிட்டரிடம் கேட்டால் கணவருக்குப் போன் போகும். அவர்களுக்கு வேண்டியது கேள்வியைத் தன்னோடு வைத்துக்கொள்ளும் ஓர் ஆள்.

அதற்காகவே நானும் இதையெல்லாம் படிக்க வேண்டியதாயிற்று. படித்ததில் அடிப்படையானதை இங்கே சொல்லிவிடுகிறேன்.

வெளிநாடுவாழ் இந்தியருக்கு இங்கே மூன்று வகைக் கணக்குகள் உண்டு. வெளிநாட்டில் சம்பாதித்த பணத்தை அனுப்பி ரூபாயாக வைத்துக்கொள்வது என்ஆர்இ. அதில் சேரும் வட்டிக்கு இந்தியாவில் வருமான வரி இல்லை. பணத்தை எப்போது வேண்டுமானாலும் திரும்ப வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்லலாம். ஊரில் வரும் வீட்டு வாடகை, குத்தகை, பழைய சேமிப்பு போன்றவற்றுக்கு என்ஆர்ஓ. அதன் வட்டிக்கு வரி உண்டு. வங்கியே 30 சதவீதமும் அதற்கு மேல் கூடுதல் வரியும் பிடித்துக்கொண்டுதான் தரும். மூன்றாவது எஃப்சிஎன்ஆர், டாலர், பவுண்டு போன்ற வெளிநாட்டு நாணயமாகவே 1 முதல் 5 வருடம்வரை போட்டுவைக்கும் வைப்புத்தொகை. வெளிநாட்டுக்கு வேலைக்குப் போனவர் ஊரில் வைத்திருந்த சாதாரண சேமிப்புக் கணக்கை அப்படியே தொடரக் கூடாது. அதை என்ஆர்ஓவாக மாற்ற வேண்டும். ஊர் திரும்பி இங்கேயே தங்கிவிட்டால் என்ஆர்இ கணக்கையும் சாதாரணக் கணக்காக மாற்றிவிட வேண்டும். அதன் பிறகு வரும் வட்டிக்கு வரி உண்டு.

இவ்வளவுதான். புறநானூற்றுத் துறை விளக்கங்களைவிட இது கடினம் இல்லை. ஆனால் இதைப் பெண்களுக்குச் சொல்லித்தர எவரும் மெனக்கெட்டதில்லை. “அதெல்லாம் அவருக்குத்தான் தெரியும்” என்று அவர்கள் சொல்லும்போது குரலில் ஒரு பெருமைகூட இருக்கும். தெரியாமல் இருப்பதை நல்ல மனைவியின் அடையாளமாக நம் வீடுகள் ஆக்கிவைத்திருக்கின்றன.

*

என்னிடம் வந்தவர்களில் ஒரு அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம். கணவர் 18 வருடம் வளைகுடாவில் இருந்தார். என்ஆர்இ கணக்கு அவர் பெயரில் மட்டும் இருந்தது. அக்காவுக்குப் பவர் எழுதிக் கொடுத்திருந்தார். காசோலைப் புத்தகம் அக்காவின் பீரோவில் இருந்தது, கையெழுத்தும் அக்காவுடையது. வங்கியில் அவரைத் தெரியாதவர்கள் இல்லை. 18 வருடமும் அது தன் கணக்கு என்றே அக்கா நினைத்திருந்தார். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள்.

கணவர் அங்கே தங்கியிருந்த அறையில் தூக்கத்திலேயே இறந்துபோனார். உடல் வந்து சேர ஒன்பது நாளாயிற்று. பதினாறாம் நாள் காரியத்துக்குப் பந்தல்காரருக்குக் கொடுத்த காசோலை திரும்பி வந்தது.

பவர் என்பது எழுதிக் கொடுத்தவர் உயிரோடு இருக்கும்வரைதான் செல்லும். அவர் இறந்த நிமிடத்தில் அக்காவின் கையெழுத்தும் இறந்துவிட்டது. கூட்டுக் கணக்காக இருந்திருந்தால் எஞ்சியவர் என்ற முறையில் இறப்புச் சான்றிதழைக் காட்டி அவர் பணத்தைப் பெற்றிருக்கலாம். நாமினியாகப் பெயர் இருந்திருந்தால் அதுவும் உதவியிருக்கும். இரண்டும் இல்லை. நாமினி என்ற இடத்தில், திருமணத்துக்கு முன்பே போட்ட கணக்காதலால், எப்போதோ காலமாகிவிட்ட மாமனாரின் பெயர் இருந்தது. தாசில்தார் அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழுக்கு நடந்தார். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி இறந்த ஆணின் முதல் வகுப்பு வாரிசுகளில் மனைவியும் பிள்ளைகளும் மட்டுமல்ல, தாயும் சம பங்குதாரர். மாமியார் கையெழுத்துப் போட வேண்டும். மாமியார் சின்ன மகன் வீட்டில் இருந்தார். சின்ன மகன் நிபந்தனை வைத்தார். எல்லாம் முடியப் பதினொரு மாதமாயிற்று. அந்தப் பதினொரு மாதமும் மகளின் கல்லூரிக் கட்டணம் அக்காவின் வளையல்களிலிருந்துதான் போயிற்று.

அங்கே அவர் வேலை பார்த்த ஊரில் இருந்த சம்பளக் கணக்கு எந்த வங்கியில் என்பது இன்றுவரை அக்காவுக்குத் தெரியாது. விவரம் எல்லாம் அலைபேசியில் இருந்திருக்கும். அதன் கடவுச்சொல் அவரோடு போய்விட்டது.

“நான் என்ன டீச்சர், இத்தனை நாளா வேலைக்காரியாத்தான் கையெழுத்துப் போட்டிருக்கேன்” என்று அக்கா ஒருநாள் சொன்னார். சட்டம் சொல்வதும் கிட்டத்தட்ட அதுவே. பவர் வைத்திருப்பவர் முகவர். கணக்கிலிருந்து ஊர்ச் செலவு செய்யலாம். கணக்கு வைத்திருப்பவரின் சார்பில் இந்தியாவில் வசிக்கும் ஒருவருக்கு அன்பளிப்புக் கொடுக்க ரிசர்வ் வங்கி விதி அவரை அனுமதிப்பதில்லை. ஆக, மாமியாரின் கண்புரைக்கு எடுக்கலாம். தனக்கென்று ஒரு தொகையை அன்பளிப்பாக எடுத்து வைத்துக்கொள்ள முடியாது. குடும்பத்தில் அவளுக்கு இருக்கும் இடத்தை விதி அப்படியே படியெடுத்து வைத்திருக்கிறது.

நாமினி விஷயத்திலும் ஒரு தெளிவு வேண்டும். நாமினியாகப் போட்டுவிட்டார், இனிக் கவலையில்லை என்று பல பெண்கள் இருந்துவிடுகிறார்கள். வங்கிப் பணத்தைப் பொறுத்தவரை நாமினி என்பவர் அதைப் பெற்றுக்கொள்ளத்தான் உரியவர். அதனாலேயே உரிமையாளர் ஆகிவிடுவதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2010இல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. வாங்கிய பணத்தில் மற்ற வாரிசுகளுக்கும் அவரவர் பங்கு உண்டு. மனைவிக்கு இவ்வளவு என்று நினைக்கிற கணவர் அதை உயிலில் எழுத வேண்டும். உயில் என்ற சொல்லை எடுத்தாலே “சாகச் சொல்றியா?” என்று கேட்கும் வீடுகளில்தான் நாம் வாழ்கிறோம் என்பதும் எனக்குத் தெரியும்.

*

வரி ஆலோசனையைப் பற்றிப் பேசுவோம். ஆடிட்டர் அலுவலகத்துக்கு ஒரு மாணவியின் தாயோடு போயிருந்தேன். கூட வந்திருந்த மகனுக்கு வயது 19. கேள்வி கேட்டவர் தாய். ஆடிட்டர் பதில் சொன்னது மகனிடம். கேள்வி இதுதான்: கணவர் அனுப்பும் பணத்தில் 10 லட்சத்தைத் தன் பெயரில் வைப்புத்தொகையாகப் போடலாமா? “எதுக்கும்மா? என்ஆர்இயிலேயே இருக்கட்டும். அங்க வரி இல்ல. உங்க பேர்ல போட்டா வட்டிக்கு வரி வரும்” என்றார்.

வரியைப் பொறுத்தவரை அவர் சொன்னதில் பாதி சரி. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 64ஆம் பிரிவு, கணவன் மனைவிக்கு இனாமாகக் கொடுத்த பணத்திலிருந்து வரும் வருமானத்தைக் கணவனின் வருமானத்தோடு சேர்த்துவிடும். மனைவி கணவனுக்குக் கொடுத்தாலும் அப்படியே. வருமானத்தைப் பிரித்துக் காட்டி வரியைக் குறைப்பதைத் தடுக்க வந்த விதி. 2025இல் இயற்றப்பட்ட புதிய சட்டம் பிரிவு எண்களை மாற்றியது, இந்த எண்ணத்தைக் கைவிடவில்லை. அந்த 64ஆம் பிரிவிலேயே ஒரு விலக்கு இருந்தது: பிரிந்து வாழ்வதற்கான உடன்பாட்டின் பேரில் கொடுத்த சொத்துக்கு இந்தச் சேர்ப்பு கிடையாது. சேர்ந்து வாழும்போது அவளிடம் கொடுத்தது அவனுடைய வருமானத்தைத் தருகிறது. பிரிந்து வாழ ஒப்புக்கொண்டால் அதே பணம் அவளுடைய வருமானத்தைத் தருகிறது. வரிச் சட்டத்தில் ஒரு சிறுகதையே இருக்கிறது.

ஆனால் ஆடிட்டர் கணக்கைப் போட்டுப் பார்க்கவில்லை. 10 லட்சத்துக்கு ஆண்டுக்கு 7 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். வட்டி 70,000 ரூபாய். அது கணவரின் இந்திய வருமானத்தில் சேரும். அவருக்கு இந்தியாவில் வேறு வரிக்குரிய வருமானம் இல்லை. என்ஆர்இ வட்டி கணக்கில் வராது. வரி விலக்கு வரம்போ பழைய முறையில்கூட 2.5 லட்சம். அப்படியானால் கட்ட வேண்டிய வரி பூஜ்யம். வங்கி முன்கூட்டியே பிடித்துக்கொண்டால் கணக்குத் தாக்கல் செய்து திரும்பப் பெற வழி உண்டு. கணவன் மனைவிக்குக் கொடுக்கும் அன்பளிப்புக்கும் வரி கிடையாது. ஒரு பைசா வரி இல்லாமல் அந்தத் தாயின் பெயரில் 10 லட்சம் இருக்க முடியும். வரி என்ற ஒரு சொல்லைக் காட்டி அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

தொகை பெரிதாக இருந்தால் வரி வரலாம். அப்போதும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. வரியை மிச்சப்படுத்துவதற்காகப் பணம் யார் பெயரில் நிற்கிறது? குடும்பம் மிச்சப்படுத்தும் ஒவ்வொரு ரூபாய்க்கும் பதிலாக மனைவியின் பெயர் ஒரு காகிதத்திலிருந்து விலகுகிறது என்றால், அந்த மிச்சத்துக்கு விலை கொடுப்பவள் அவள்தான். ஆலோசகர்கள் வரியைக் கணக்கிடுகிறார்கள். இந்த விலையைக் கணக்கிடுவதில்லை.

இது நம் ஊர் வழக்கம் மட்டும் என்று எண்ண வேண்டாம். பிரிட்டனில் 1990 ஏப்ரல்வரை, திருமணமான பெண்ணின் வருமானம் வரிக் கணக்கில் பொதுவாகக் கணவனின் வருமானமாகவே கருதப்பட்டது. அவளுடைய சேமிப்பின் வட்டியை அவன்தான் படிவத்தில் நிரப்ப வேண்டியிருந்தது. அதாவது, கணவனுக்குத் தெரியாத சேமிப்பு ஒரு பெண்ணுக்கு இருக்கக் கூடாது.

*

பொருள் தேடப் பிரிவதை நம் இலக்கணம் ‘பொருள்வயின் பிரிவு’ என்று வகுத்தது. ஆண் பிரிவான், பெண் ஆற்றியிருப்பாள். கடல் வழிப் பயணத்தில் பெண்ணை உடன் கொண்டு செல்லும் வழக்கமில்லை என்று தொல்காப்பியத்துக்கு உரை கண்டவர்கள் எழுதினார்கள். அவன் கொண்டுவரும் பொருளைப் பற்றி அகப்பாடல்களில் நிறைய வருகிறது. அந்தப் பொருள் எவ்வளவு, எங்கே இருக்கிறது, யாருக்குரியது என்று தலைவி கேட்பதில்லை. அவளுக்கு விதிக்கப்பட்ட துயரம் பசலைதான், கணக்கு அல்ல.

பெரியபுராணத்தில் காரைக்கால் அம்மையாரின் கதையைப் பக்தி நூலாக நடத்துகிறோம். வணிகனின் மனைவியின் கதையாக ஒருமுறை படித்துப் பாருங்கள். பரமதத்தன் வாணிபம் என்று சொல்லிக் கப்பலேறுகிறான். பெரும்பொருள் ஈட்டுகிறான். காரைக்காலுக்குத் திரும்பாமல் பாண்டிநாட்டுப் பட்டினம் ஒன்றில் குடியேறி, வேறொரு வணிகர் மகளை மணந்து, பெண் குழந்தைக்கும் தந்தையாகிறான். புனிதவதி இதை அறியாமல் அவன் வீட்டைப் பேணிக்கொண்டிருக்கிறார். சேதி அவருக்கு உறவினர் வழியாகத்தான் வந்து சேர்கிறது. மனைவியின் தெய்வத்தன்மையை அஞ்சி விலகினான் என்று காரணம் சொல்கிறது புராணம். அது உண்மையாகவே இருக்கட்டும். கடலுக்கு அப்பால் நடப்பதை வீட்டிலிருப்பவள் கடைசியாகத்தான் அறிகிறாள் என்பதும் அதே கதையில் இருக்கிறது.

இன்று பெரும்பணக்காரர்களின் உலகத்தில் இதற்கு ஒரு முழுத் தொழிலே நடக்கிறது. கேமன் தீவுகள், பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகள், ஜெர்சி, பனாமா என்று வரி குறைவான, ரகசியம் காக்கும் இடங்களில் காகித நிறுவனங்களைத் தொடங்கி அதற்குள் சொத்தை வைக்கிறார்கள். 2016 ஏப்ரலில் பனாமாவின் மொசாக் ஃபொன்சேகா என்ற சட்ட நிறுவனத்தின் 1.15 கோடி ஆவணங்கள் வெளியானபோது உலகம் முழுக்க வரி ஏய்ப்பைப் பற்றிப் பேசியது. பேச வேண்டியதுதான், அப்படி ஒளியும் வரியில்தான் அரசு மருத்துவமனைப் படுக்கையும் பெண்கள் பள்ளியின் கழிப்பறையும் இருக்கின்றன. ஆனால் அந்த ரகசியம் வரி அதிகாரிக்கு எதிரானது மட்டுமல்ல. மனைவிக்கும் எதிரானது.

2013 ஜூனில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிரெஸ்ட் எதிர் பெட்ரோடெல் வழக்கு ஒரு விவாகரத்து வழக்கு. எண்ணெய் வணிகரான கணவர் தனக்கென்று சொத்து அதிகமில்லை என்றார். வீடுகளோ நிறுவனங்களின் பெயரில் இருந்தன. முக்கியமான நிறுவனம் ஐல் ஆஃப் மேன் தீவில் பதிவானது. நிறுவனம் தனி நபர், அதன் சொத்து என் சொத்தல்ல என்பது வாதம். பிரிட்டனில் இருந்த ஏழு சொத்துகளை அந்த நிறுவனங்கள் உண்மையில் கணவருக்காகவே வைத்திருக்கின்றன என்று நீதிமன்றம் முடிவு செய்து, அவற்றை மனைவிக்கு மாற்றித் தர உத்தரவிட்டது. உச்ச நீதிமன்றம்வரை போகப் பணமும் பலமும் இருந்த ஒரு பெண்ணுக்குக் கிடைத்த நியாயம் அது. நம் கடலோரத் தெருக்களில் இருப்பவர்களுக்குத் தாசில்தார் அலுவலகப் படியே உயரம்.

பெயர் மட்டும் கொடுத்து உரிமையைக் கொடுக்காமல் இருப்பதும் நடக்கிறது. நம் ஊர் அளவிலும் நடக்கிறது. வெளிநாட்டு வங்கிக் கணக்கில் ஊரிலிருக்கும் மனைவியின் பெயரைச் சேர்த்துவிடுவார்கள். அவள் அந்தக் கணக்கைப் பார்த்திருக்க மாட்டாள். ஆனால் இந்தியாவில் வசிப்பவர் என்ற முறையில் அதை வருமான வரிப் படிவத்தில் வெளிநாட்டுச் சொத்தாகக் காட்டும் கடமை அவளுக்கு உண்டு. வரிக்குரிய வருமானம் எதுவும் இல்லாவிட்டாலும் படிவம் தாக்கல் செய்ய வேண்டும். காட்டத் தவறினால் 2015ஆம் ஆண்டுக் கறுப்புப் பணச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் அபராதத்துக்கு இடம் இருக்கிறது. அசையாச் சொத்து தவிர்த்த மற்றவற்றின் மொத்த மதிப்பு 20 லட்சத்துக்குள் இருந்தால் 2024 அக்டோபர் முதல் அந்த அபராதம் இல்லை என்று தளர்த்தியிருக்கிறார்கள்; காட்டும் கடமை மாறவில்லை. ‘இங்க ஒரு கையெழுத்துப் போடு’ என்று நீட்டப்படும் காகிதம் எதுவாக இருந்தாலும் அது என்ன என்று கேளுங்கள். அந்தக் கையெழுத்து பொறுப்பை நம் தலையில் ஏற்றலாம்; உரிமையைத் தந்தே தீரும் என்பதில்லை.

*

இதே காலத்தில்தான் சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து ஒரு நல்ல தீர்ப்பும் வந்தது. 2023 ஜூனில் நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி அளித்தது. சவூதி அரேபியாவில் பல ஆண்டுகள் வேலை செய்த கணவர், தான் அனுப்பிய பணத்தில் மனைவி வாங்கிய சொத்துகள் தன்னுடையவை என்று வழக்குத் தொடுத்திருந்தார். மனைவி ஊரில் பிள்ளைகளை வளர்த்துக் குடும்பத்தை நடத்தியவர். ஓய்வும் விடுமுறையும் இல்லாத அந்த உழைப்பு இல்லாமல் கணவர் கவலையின்றி வெளிநாட்டில் சம்பாதித்திருக்க முடியாது. அதுவும் சொத்துச் சேர்ப்பதில் பங்களிப்பே. ஆகவே மனைவிக்கும் சம பங்கு உண்டு என்றது தீர்ப்பு. படித்த அன்று அதை அச்செடுத்து எங்கள் துறையின் அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன். கடலுக்கு இந்தப் பக்கம் நின்றவளும் சம்பாதித்தவள்தான் என்று பதவியில் இருக்கும் ஒருவர் எழுதியதை மாணவிகள் நின்று படித்தார்கள்.

ஆனால் தீர்ப்பு வரப் பல ஆண்டுகள் ஆகின்றன. கணக்குப் படிவத்தை நிரப்ப ஒரு மதியம் போதும். வெளிநாட்டில் தாங்களே சம்பாதிக்கும் பெண்களுக்கு நான் சொல்வது இதைத்தான்.

என் பழைய மாணவி ஒருத்தி, பி.காம். படித்தவள், துபாயில் ஒரு நிறுவனத்தில் கணக்கெழுதுகிறாள். பகலெல்லாம் பிறருடைய லாப நட்டம். அவளுடைய சம்பளம் ஆறு வருடமாக அப்பாவின் சேமிப்புக் கணக்குக்குப் போய்க்கொண்டிருந்தது. அதில் ஊரில் மனை வாங்கியிருக்கிறார்கள். பத்திரம் தம்பி பெயரில். “நான் கல்யாணம் ஆகிப் போயிடுவேன்ல மேடம், அதான்” என்றாள். அதைச் சொல்லும்போது அவள் குரலில் வருத்தம் இல்லை. எனக்குத்தான் இருந்தது.

மகள் அப்பாவுக்கு அனுப்பும் பணம் அன்பளிப்பு. அப்பாவுக்கு அதில் வரி இல்லை. வரி இல்லாததால் எவரும் எதுவும் கேட்பதில்லை. ஆனால் அன்பளிப்பு என்றால் கொடுத்தாகிவிட்டது. அது இனி அவருடையது. இல்லை, என் பணத்தில் வாங்கியது, உண்மையில் எனக்குரியது என்று அவள் பிறகு வாதிட நினைத்தால் பினாமிச் சட்டம் குறுக்கே நிற்கும். தன் பணத்தில் உடன்பிறந்தவர் பெயரிலோ பெற்றோர் பெயரிலோ வாங்கும் சொத்துக்கு அந்தச் சட்டத்தில் விலக்கு உண்டு. பத்திரத்தில் தன் பெயரும் கூட்டு உரிமையாளராக இருந்தால் மட்டும். அந்த ஒரு பெயர் இல்லாவிட்டால், ஆறு வருடச் சம்பளத்தை உரிமையோடு கேட்க அவளுக்கு நிற்க இடமில்லை. அவளுக்குச் சொன்னேன்: உன் பெயரில் என்ஆர்இ கணக்குத் தொடங்கு. சம்பளம் முதலில் உன் கணக்குக்கு வரட்டும். அங்கிருந்து அப்பாவுக்கு மாதம் எவ்வளவு வேண்டுமோ அனுப்பு. அன்பு குறையாது. அடுத்த மனையில் பத்திரப் பதிவின்போது உன் பெயரும் இருக்கட்டும்.

கணக்குத் தொடங்கிவிட்டாள். அந்தப் படிவத்தில் முதலாமவர் அவள். அம்மாவை இரண்டாவதாகச் சேர்த்திருக்கிறாள். அப்பா ஒரு மாதம் பேசவில்லை, பிறகு பேசினார்.

*

பணத்தைப் பற்றிக் கேட்பதைச் சந்தேகம் என்று நமக்குக் கற்பித்திருக்கிறார்கள். கணவனின் சட்டைப்பையைத் துழாவுகிறவள் என்ற கேலி நகைச்சுவைத் துணுக்குகளில் இன்றும் ஓடுகிறது. கேட்கிற பெண்ணுக்குக் கெட்ட பெயர் வருகிறது. கேட்காத பெண்ணுக்குப் பதினொரு மாதம் வருகிறது. நான் பார்த்த வரையில், நல்ல மனிதர்களான கணவர்களே மனைவியை இப்படி விட்டுச் சென்றிருக்கிறார்கள். அந்த அக்காவின் கணவர் மோசமானவர் இல்லை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஒரு மணி நேரம் பேசுவாராம். மழை, பிள்ளைகளின் மதிப்பெண், மாடித் தளத்துக்கு எந்த ஓடு என்று எல்லாம் பேசினார்கள். கணக்கைப் பற்றி மட்டும் இருவரும் பேசவில்லை. பேச வேண்டிய ஒன்றாக அது அவர்களுக்குத் தோன்றாதபடி இருவரையும் வளர்த்திருந்தோம்.

ஆகவே, கணவரோ அப்பாவோ வெளியூரில் இருக்கும் தோழிகளும் மாணவிகளும் அடுத்த வெள்ளிக்கிழமை அழைப்பில் இவற்றைக் கேட்டுப் பாருங்கள். இங்கே எத்தனை கணக்கு இருக்கிறது, எந்தக் கிளையில்? கூட்டுக் கணக்கா, பவர் மட்டுமா? நாமினி யார், அவர் இன்னும் உயிரோடு இருக்கிறாரா? அங்கே சம்பளம் எந்த வங்கிக்கு வருகிறது? காப்பீடு இருக்கிறதா? திரும்பி வரும்போது அந்தக் கணக்கை என்ன செய்வதாக உத்தேசம்? என் பெயரில், என் கையெழுத்தில் மட்டும் ஓடும் கணக்கு ஒன்று நமக்கு உண்டா? எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒரே நாளில் கேட்க வேண்டும் என்பதில்லை. வாரத்துக்கு ஒன்று போதும்.

பதில் சொல்ல அவர் இருக்கும்போதே கேட்க வேண்டிய கேள்விகள் இவை.